அபூர்வ ராகங்கள்: மூத்த பெண்ணைக் காதலிக்க விட்ட படமா, தடுத்த படமா?

15 ஆகஸ்ட் 2025, காலை 9.10 (வாசகர் கேள்வி)

ரஜினி நடிக்க வந்து 50 வருடம் என்று எங்கே பார்த்தாலும் அவர் கேட்டைத் திறக்கும் காட்சிதான் ஓடுகிறது. அந்தச் சாக்கில் நேற்று அபூர்வ ராகங்கள் படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். தன்னைவிட வயதில் மூத்த, வளர்ந்த மகள் இருக்கிற ஒரு பெண்ணை ஒரு இளைஞன் காதலிப்பதாக 1975இலேயே படம் எடுத்திருக்கிறார் பாலசந்தர். இன்று அந்தத் துணிச்சல் யாருக்கும் இல்லை என்பது என் கருத்து. யாருக்காவது மறுப்பு உண்டா?

15 ஆகஸ்ட், இரவு 10.40

எனக்குப் பாதி மறுப்பு உண்டு. தொடங்கியதில் துணிச்சல் இருக்கிறது, முடித்ததில் இல்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரசன்னா (கமல்) அப்பாவோடு ஒத்துப்போகாமல் வீட்டைவிட்டு வந்த கோபக்காரப் பையன். அடிபட்டுக் கிடந்தவனைப் பாடகி பைரவி (ஸ்ரீவித்யா) தன் வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றுகிறாள். அவனுக்கு அவள்மேல் காதல் வருகிறது. பைரவியின் மகள் ரஞ்சனி (ஜெயசுதா) அம்மாமேல் கோபப்பட்டு வெளியேறியவள். அவள் போய்ச் சேர்வது பிரசன்னாவின் அப்பா மகேந்திரன் (மேஜர் சுந்தர்ராஜன்) வீட்டில். அவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். மகனுக்குத் தாய், தந்தைக்கு மகள் என்று முடிச்சு விழுகிறது. அப்புறம் ரஞ்சனியைப் பெற்றவன் பாண்டியன் (ரஜினி) சாகும் நோயோடு திரும்பி வருகிறான். கடைசியில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோகிறான். மகள் தாயிடமும் மகன் தந்தையிடமும் திரும்பிப் போகிறார்கள். படம் முடிகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பைரவியும் பிரசன்னாவும் ஏன் சேரவில்லை? வயதினாலா? இல்லை. உறவுமுறை குழம்பிவிடும் என்பது ஒரு தடை, விட்டுப் போனவன் வந்துவிட்டான் என்பது இன்னொரு தடை. ரஞ்சனி வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தால், பாண்டியன் வராமலே இருந்திருந்தால், பைரவி சம்மதித்திருப்பாளா? ஊர் ஒத்துக்கொண்டிருக்குமா? அந்தக் கேள்வியைத்தான் படம் முதல் பாதியில் எழுப்பியது. இரண்டாம் பாதியில் அதை இரண்டு பெரிய தடைகளுக்குப் பின்னால் மறைத்துவிட்டது. வயது என்ற வழக்கு கடைசிவரை விசாரணைக்கே வரவில்லை.

16 ஆகஸ்ட், காலை 6.15

இரவு ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: "ஸ்ரீவித்யாவுக்கு அப்போதே 35 வயது இருக்கும், அதனால்தான் அந்த வேடம் அவ்வளவு பொருந்தியது."

இல்லை சார். ஸ்ரீவித்யா பிறந்தது 1953 ஜூலை 24. கமல் பிறந்தது 1954 நவம்பர் 7. படம் வந்தபோது அவருக்கு 22, இவருக்கு 20. இருவருக்கும் நடுவில் 15 மாதம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு வித்தியாசம்.

திரையில் நாம் பார்த்து நம்பிய "மூத்த பெண்" 22 வயதுப் பெண். சேலைக் கட்டு, நிதானமான பேச்சு, கொஞ்சம் கனத்த பார்வை இவற்றை வைத்து அவர் கட்டி எழுப்பிய வயது அது. நடிப்பு என்ற முறையில் எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் படத்தின் துணிச்சலை எடைபோடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பார்வையாளர் கண்ணுக்கு முன்னால் நின்றவர்கள் ஏறக்குறைய ஒரே வயதுள்ள, அழகான இரண்டு இளம் நடிகர்கள். கதையில்தான் அவள் மூத்தவள். கண்ணுக்கு உறுத்தாத மூத்தவள்.

16 ஆகஸ்ட், காலை 6.50

அதே படத்தின் இன்னொரு ஜோடியையும் பாருங்கள். மேஜர் சுந்தர்ராஜன் 1935இல் பிறந்தவர், அப்போது அவருக்கு 40. ஜெயசுதாவுக்குப் பதினேழுகூட நிரம்பவில்லை. அந்த ஜோடியில் இருப்பது நிஜமாகவே 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. அதற்கு யாருக்கும் வேடம் தேவைப்படவில்லை, இருக்கிறபடியே வந்து நின்றார்கள்.

ஒரே படம், இரண்டு ஜோடி. ஆண் மூத்தவனாக இருக்கும் ஜோடியில் வயது நிஜம். பெண் மூத்தவளாக இருக்கும் ஜோடியில் வயது ஒப்பனை. 50 வருடமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம். பேசுவதெல்லாம் கமல், ஸ்ரீவித்யா ஜோடியைப் பற்றித்தான். மகேந்திரனும் ரஞ்சனியும் நம்மை அப்படித் தொந்தரவு செய்யவே இல்லையே, ஏன்?

16 ஆகஸ்ட், மாலை 7.30

"அந்தக் காலத்தில் நடிகைகள் எல்லோருமே 22க்குள்தான், நாற்பது வயதுக்காரிக்கு எங்கே போவார் பாலசந்தர்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பது வயதுப் பெண்கள் அப்போதும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மாவாக, அண்ணியாக, மாமியாராக. காதலியாக மட்டும் இல்லை. அதே காலத்தில் ஐம்பதை நெருங்கிய நம் நாயகர்கள் கல்லூரி மாணவனாக வந்து டூயட் பாடினார்கள், தியேட்டரில் விசில் பறந்தது.

ஸ்ரீவித்யாவுக்கு அப்புறம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1989இல் அபூர்வ சகோதரர்கள். அதில் அவர் கமலுக்கு அம்மா. அப்பா கமலுக்கு மனைவியும் அவர்தான் என்பது வேறு, மகன் கமல்கள் இருவரையும் பெற்றவர் அவர். அப்போது அவருக்கு 36கூட ஆகவில்லை. 1991இல் தளபதி. அதில் ரஜினியைப் பெற்ற தாய். ரஜினி பிறந்தது 1950 டிசம்பர், ஸ்ரீவித்யாவைவிட இரண்டரை வயது மூத்தவர். 1975இல் யாரோடு குடும்பம் நடத்தியவளாக வந்தாரோ, அவருக்கே 16 வருடத்தில் தாயாகிவிட்டார்.

ரஜினியும் கமலும் அந்த 16 வருடத்தில் நாயகர்களாகவே இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். ஸ்ரீவித்யா 2006இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு 53. நான் அவருடைய ரசிகை. தளபதியில் ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த முகம் மாறுவதைப் பார்த்து அழுதிருக்கிறேன். அந்த அம்மா வேடங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு நடுவில் ஒரு இருபது வருடத்தை நாம் கொடுக்கவே இல்லை. 30 வயதுப் பெண்ணாக, 40 வயதுப் பெண்ணாகத் தமிழில் அவர் யாரையாவது காதலித்திருக்கலாம்.

17 ஆகஸ்ட், பிற்பகல் 3.00

வேதாளக் கதையைப் பற்றிக் கேட்டவருக்கு.

ஆமாம், யார் யாருக்கு என்ன முறை என்று படம் போடும் விடுகதைக்கு வேர் விக்கிரமாதித்தன் வேதாளம் கதையில்தான் இருக்கிறது. கடைசிக் கதைகளில் ஒன்று. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இது உண்டு. நாட்டை இழந்த ஒரு ராணியும் மகளும் காட்டு வழியாகத் தப்பி ஓடுகிறார்கள். வேட்டைக்கு வந்த ஒரு தந்தையும் மகனும் மண்ணில் அவர்களுடைய காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். ஒரு தடம் பெரியது, ஒன்று சிறியது. பெரிய பாதக்காரி மூத்தவளாக இருப்பாள், அவளைத் தந்தை மணப்பது, சின்னப் பாதக்காரியை மகன் மணப்பது என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் சின்னப் பாதம் தாயுடையது, பெரிய பாதம் மகளுடையது! ஆனாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்கள். தந்தை மகளை மணக்கிறான், மகன் தாயை மணக்கிறான். இரண்டு ஜோடிக்கும் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. ராஜாவுக்குப் பதில் தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டு நடக்கிறான்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் இதுதான்: அந்தப் பழைய கதையில் கல்யாணம் நடக்கிறது. குழந்தையும் பிறக்கிறது. முறை தெரியாமல் முழிப்பது ராஜாதான், அந்த நான்கு பேரும் இல்லை. அவர்கள் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். கதை அவர்களைத் தண்டிக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

900 வருடத்துக்கு முன்னால் எழுதப்பட்ட கதை போன தூரத்துக்கு 1975இல் நாம் போகவில்லை. விடுகதையை எடுத்துக்கொண்டோம், கல்யாணத்தை விட்டுவிட்டோம்.

17 ஆகஸ்ட், இரவு 11.20

"உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

என் கணவரைவிட நான் நான்கு வயது மூத்தவள். காதல் கல்யாணம். இதை நாங்கள் ஒளித்ததும் இல்லை, விளம்பரம் செய்ததும் இல்லை. ஆனால் உறவுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வயதை நேராகக் கேட்க மாட்டார்கள், "நீ எந்த வருஷம் பத்தாவது?" என்பார்கள். பதில் சொன்னதும் கண் ஒரு நொடி மேலே போகும், மனதுக்குள் கழித்தல் கணக்கு நடக்கும். அப்புறம் ஒரு "ஓ". அந்த "ஓ"வுக்குப் பிறகு பேச்சு காப்பிக்குப் போய்விடும்.

முன்பெல்லாம் ரயில் பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் சார்ட் ஒட்டுவார்கள், நினைவிருக்கிறதா? பெயர், ஆணா பெண்ணா, வயது எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும். எதிர் பெர்த்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு வந்து, "தம்பி உங்க கூடப் பிறந்தவரா?" என்று என்னிடம் பாசமாகத்தான் கேட்டார். கணவர் என்றேன். அந்த அம்மா அதற்குப் பிறகு விழுப்புரம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. இறங்கும்போது எங்களுக்குக் கொய்யாப் பழம் கொடுத்துவிட்டுப் போனார். எங்களை எந்த வரிசையில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் தலை நரைக்கத் தொடங்கியபோது சாயம் போடச் சொல்லி முதலில் வந்து நின்றது என் நாத்தனார். "அண்ணனுக்காகச் சொல்றேன் அண்ணி" என்றாள். அண்ணன் அப்படி எதுவும் கேட்கவே இல்லை.

நான்கு வயதுக்கே இவ்வளவு. பைரவிக்கும் பிரசன்னாவுக்கும் கல்யாணம் ஆகியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கதையைத்தான் நான் பார்க்க ஆசைப்பட்டேன். படம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் எனக்குத் தெரிந்த வாழ்க்கை தொடங்குகிறது.

18 ஆகஸ்ட், காலை 5.55

அந்தக் கதையை எடுத்தவர் இருக்கிறார். இரவு தூக்கம் வராமல் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டர், படம் "அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்", வெளிவந்தது 1974. நம் படத்துக்கு ஒரே ஒரு வருடம் முன்னால். எம்மி என்ற விதவை ம்யூனிக் நகரத்தில் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்கிறாள். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகித் தனித்தனியே போய்விட்டார்கள். மழைக்கு ஒதுங்கி ஒரு மதுக்கடைக்குள் போய் ஒரு கோலா கேட்கிறாள். மொராக்கோவிலிருந்து பிழைக்க வந்த அலியை, "அந்தக் கிழவியோடு ஆடு பார்க்கலாம்" என்று அங்கே இருப்பவர்கள் சீண்டுகிறார்கள். அவன் போய்க் கூப்பிடுகிறான். ஆடுகிறார்கள். பேசுகிறார்கள். வீடுவரை கொண்டுபோய் விடுகிறான். கொஞ்ச நாளில் கல்யாணமே செய்துகொள்கிறார்கள்.

எம்மியாக நடித்த பிரிகிட்டே மீரா 1910இல் பிறந்தவர். அறுபதைத் தாண்டியவளாக அறுபதைத் தாண்டியவரே நடித்திருக்கிறார். சுருக்கம், தடித்த உடம்பு, பூப்போட்ட சாதாரண உடை எல்லாம் அப்படியே. யாரும் அவரை அழகாகக் காட்ட முயலவில்லை. அரை மணி நேரத்தில் அவர் எனக்கு அழகாகிவிட்டார்.

கல்யாணம் படத்தின் முடிவு இல்லை, அதற்குப் பிறகுதான் படமே. பிள்ளைகளைக் கூப்பிட்டு அலியை அறிமுகம் செய்கிறாள். யாரும் பேசவில்லை. கேமரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது. ஒரு மகன் எழுந்து போய் டிவியை உதைத்து உடைக்கிறான். பக்கத்து வீட்டுக்காரிகள் கிசுகிசுக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் அலிக்குச் சாமான் தர மறுக்கிறார். கூட வேலை செய்யும் பெண்கள் படிக்கட்டில் சேர்ந்து சாப்பிடும்போது அவளை மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

பத்தாவது வருஷம் கேட்கும் கண்ணை அந்தப் படம் முழுக்கப் பார்த்தேன்.

18 ஆகஸ்ட், மதியம் 1.10

"ஜெர்மன் படத்தை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள், அங்கே பிரச்சினை நிறவெறி, வயது இல்லை" என்று எழுதியவருக்கு: இரண்டும்தான். அங்கே மக்கள் சிரிப்பது இரண்டையும் சேர்த்துத்தான். அந்நியன், அரபுக்காரன் என்று ஒரு பக்கம். இந்த வயதில் இவளுக்கு இது தேவையா என்று இன்னொரு பக்கம். ஒரு வாக்கியத்தில் இரண்டும் கலந்தே வருகின்றன. நம் ஊரில் சாதியும் வயதும் கலந்து வருவதில்லையா? பிடிக்காத ஒரு கல்யாணத்தை மறுக்க எந்தக் காரணம் கைக்கு முதலில் கிடைக்கிறதோ அதை எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் சாதியைச் சொல்ல வெட்கப்பட்டு, பெண் இரண்டு மாதம் மூத்தவள் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள்.

18 ஆகஸ்ட், இரவு 9.45

டிவி உடைப்பதைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு படம் இருக்கிறது.

1955இல் டக்ளஸ் சிர்க் ஹாலிவுட்டில் எடுத்த "ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்". வசதியான வீட்டு விதவை (ஜேன் வைமன்), அவள் வீட்டு மரங்களைக் கவாத்து செய்ய வரும் இளைஞன் (ராக் ஹட்சன்). பிள்ளைகள் எதிர்ப்பதால் அவனை விட்டுவிடுகிறாள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் அம்மாவுக்கு ஒரு டிவி பெட்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். துணைக்கு ஆள் வேண்டாம், இது போதும் என்று அர்த்தம். அணைந்திருக்கும் அந்தத் திரையில் அவள் முகம் மட்டும் தெரிகிறது. பிள்ளைகளோ தங்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஃபாஸ்பைண்டர் சிர்க்கின் பெரிய ரசிகர். சிர்க் வாங்கிக் கொடுத்த டிவியைத்தான் 1974இல் எம்மியின் மகன் உதைக்கிறான்.

ஜேன் வைமனுக்கு அப்போது 38. ஹட்சனைவிட எட்டு வயதுக்கு மேல் மூத்தவர். ஹாலிவுட்டும் முழு நேர்மையோடு இல்லை, ஆனாலும் 15 மாதத்துக்கு அது எவ்வளவோ மேல்.

21 ஆகஸ்ட், இரவு 10.00

கொஞ்ச நாள் வேலை அதிகம். அலி படத்தைப் பற்றி நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் இன்னும் பாக்கி.

ஒரு கட்டத்தில் இருவரும் வெளியூர் போய்விட்டுத் திரும்புகிறார்கள். ஊர் மாறியிருக்கிறது. மனம் மாறவில்லை, தேவை மாறியிருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கு வியாபாரம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாமான் போட இடம் வேண்டும். டிவியை உடைத்த மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும். எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள். வெளியே இருந்த அழுத்தம் குறைந்ததும் உள்ளே விரிசல் விடுகிறது. எம்மி தோழிகளைக் கூட்டி வந்து அலியின் புஜத்தைத் தொட்டுப் பார்க்க விடுகிறாள், வாங்கி வந்த பொருளைக் காட்டுவதுபோல. அவனுக்கு ஊர்ச் சாப்பாடு, குஸ்குஸ், சாப்பிட ஆசை. எனக்கு அது பிடிக்காது, ஜெர்மானியர்களின் சாப்பாட்டுக்குப் பழகிக்கொள் என்கிறாள். அவன் மதுக்கடைக்காரியிடம் போய்விடுகிறான், அவள் செய்து போடுவாள் என்று.

அப்புறம் அந்த கராஜ் காட்சி. அலி வேலை செய்யும் இடத்துக்கு எம்மி அவனைத் தேடி வருகிறாள். கூட வேலை செய்கிறவர்கள் "மொராக்கோவிலிருந்து உன் பாட்டி வந்திருக்கிறாளா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அலியும் சேர்ந்து சிரிக்கிறான்.

என் கணவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு விழாவுக்குப் போயிருந்தபோது ஒருவர், "அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா, நல்லது நல்லது" என்றார். இவர் சிரித்துவிட்டு என்னை நாற்காலிக்கு அழைத்துப் போனார். திருத்தவில்லை. நான் அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. பல வருடம் பேசவில்லை. இந்தப் படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தபோது, கராஜ் காட்சி முடிந்ததும் அவராகவே படத்தை நிறுத்தினார். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார். எந்த நாள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு காதல் படத்திடம் நான் கேட்பது இதைத்தான். ஊர் எதிர்க்கும், அது தெரிந்ததுதான். ஊரின் சிரிப்பு அந்த இருவரில் ஒருவருடைய முகத்துக்கே வந்துவிடும் நொடி இருக்கிறதே, அதைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் அவர்கள் சேர்ந்து இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எம்மியும் அலியும் மறுபடி அதே மதுக்கடையில், அதே பாட்டுக்கு ஆடுகிறார்கள். எனக்கு என் வயது தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன், உன்னைக் கட்டிப்போட மாட்டேன், ஆனால் சேர்ந்திருக்கும்போது ஒருவருக்கொருவர் நல்லபடியாக இருப்போம் என்ற பொருளில் அவள் பேசுகிறாள். ஆடும்போதே அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். குடல்புண். ஆஸ்பத்திரியில் டாக்டர், பிழைக்க வந்த தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி வரும், ஆறு மாதத்தில் திரும்ப வருவான் என்கிறார். வர விட மாட்டேன் என்று எம்மி அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

22 ஆகஸ்ட், காலை 7.05

காலையில் நூறு பேர் படித்துவிட்டு, அபூர்வ ராகங்களை நான் மட்டம் தட்டுகிறேன் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். இல்லை. அந்தப் படத்தை நான் நேசிக்கிறேன். நேசிப்பதால்தான் சண்டை.

அதிசய ராகம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மஹதி ராகத்தில் தொடங்குகிறது, நான்கே சுரங்கள். ஜேசுதாஸ் குரல். பாட்டு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் அவள் பெயர் வரும் இடத்தில் பைரவி ராகத்துக்கே மாறிவிடுகிறது. நான்கு சுரத்தில் தவித்தவனுக்கு அவள் பெயரைச் சொன்னதும் ஒரு முழு ராகம் கிடைக்கிறது. எம்.எஸ். விஸ்வநாதனும் கண்ணதாசனும் இந்தக் காதலை மனதார நம்பியிருக்கிறார்கள். கதைக்கு இல்லாத உறுதி பாட்டில் இருக்கிறது.

வாணி ஜெயராம் பாடிய ஏழு ஸ்வரங்களுக்குள் பாட்டில் ஸ்ரீவித்யாவைக் கவனியுங்கள். அந்தப் பாட்டுக்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. திரையில் அதைத் தாங்கியவர் எம்.எல். வசந்தகுமாரியின் மகள், சங்கீத வீட்டில் வளர்ந்தவர். கச்சேரியில் உட்காரும் விதம், தாளம் போடும் கை, மூச்சு எடுக்கும் இடம் எதிலும் பொய் இல்லை. லோக்நாத்தின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது வந்தது. அந்த முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பதினைந்து மாதம் என்று நான் முன்பு எழுதியதை இந்த இடத்தோடு சேர்த்துப் படியுங்கள். ஒரு 22 வயதுப் பெண், ஏமாற்றப்பட்டு, பெற்ற மகளைத் தத்து மகள் என்று சொல்லி வளர்த்து, அந்த மகளாலேயே வெறுக்கப்பட்ட ஒருத்தியின் களைப்பை எங்கிருந்து கொண்டுவந்தாள்? பிரசன்னா காதலைச் சொல்லும்போது அவள் முகத்தில் முதலில் வருவது பயம். சந்தோஷம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அதுவும் உடனே மறைகிறது. எழுதிய வசனத்தில் இல்லாத விசாரணையை அந்த முகம் நடத்திவிட்டது.

22 ஆகஸ்ட், இரவு 8.30

"பையன் பாவம் இல்லையா? 20 வயதில் அவனுக்கு என்ன தெரியும்? ஒரு நாற்பது வயது ஆண் 20 வயதுப் பெண்ணை மணந்தால் நீங்களே சண்டைக்கு வர மாட்டீர்களா?"

வருவேன். வர வேண்டும். அதனால்தான் மகேந்திரன் ரஞ்சனி பக்கம் கையைக் காட்டினேன், யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. பிரசன்னாவின் வயது பற்றிய கவலை உண்மையானது. பைரவிக்கும் அந்தக் கவலை இருக்கிறது, அதனால்தான் தயங்குகிறாள். அந்தத் தயக்கமே அவளை எனக்கு நெருக்கமாக்குகிறது. ஆனால் அதே கவலையை ரஞ்சனிக்காகவும் படுகிறவர் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். என் அத்தைக்கும் மாமாவுக்கும் 17 வயது வித்தியாசம். அவர்கள் கல்யாண போட்டோவைப் பார்த்து யாரும் கழித்தல் கணக்குப் போட்டதே இல்லை.

30 ஆகஸ்ட், மாலை 6.20

ரீமேக் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. தெலுங்கில் 1976இல் தாசரி நாராயண ராவ் எடுத்தார், தூர்ப்பு படமர. அதிலும் ஸ்ரீவித்யாதான். இந்தியில் 1984இல் பாலசந்தரே எடுத்தார், ஏக் நயீ பஹேலி. கமல் தன் வேடத்தையே செய்தார், பாடகியாக ஹேமமாலினி. ஹேமமாலினி 1948இல் பிறந்தவர், கமலைவிட ஆறு வயது மூத்தவர். இந்த முறை நடிகர்களிலும் அந்த வித்தியாசம் நிஜமாக இருந்தது. இருந்தும் தமிழ்ப் படத்தின் கனம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. வயது மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதும் தெரிகிறது.

6 செப்டம்பர், காலை 9.00

முதல் கேள்வி கேட்டவர் அலி படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொன்னது புரிகிறது. ஆனால் தமிழில் அப்படி ஒரு படம் வந்தால் யார் பார்ப்பார்கள்?"

நான் பார்ப்பேன். என் நாத்தனார் பார்ப்பாள், முணுமுணுத்துக்கொண்டாவது. இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நம்மிடம் எத்தனை நல்ல நடிகைகள் இருக்கிறார்கள்! அவர்களை வைத்து எழுதுங்கள். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், சம்பளம், வாடகை, முட்டிவலி எல்லாம் கொடுங்கள். அவனுக்கு ஒரு அம்மா இருக்கட்டும், அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் இருக்கட்டும், இருவரும் ஒரே சமையலறையில் நிற்கட்டும். பழைய ஆள் யாரும் திரும்பி வர வேண்டாம், யாருக்கும் நோய் வர வேண்டாம். முதல் அரை மணி நேரத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டு மீதிப் படத்தை எடுங்கள்.

இங்கே திரைக்கதை எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த சமையலறைக் காட்சியை யாராவது எழுதினால் இங்கேயே போடுங்கள். படித்துவிட்டு வரிவரியாகப் பேசுகிறேன்.